கேள்வி – பதில்: கட்டட வடிவமைப்புக்கு எந்த மடிக்கணினி?

கட்டடக் கலை பயில்வோரும் அத்தொழிலில் இருப்போரும் மடிக்கணினி தேர்வு குறித்து அனுப்பிய கடிதங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் சென்னையில் பி.ஆர்க். மூன்றாம் ஆண்டுக்குச் செல்கிறாள். ரெவிட், ஸ்கெட்ச்அப், லூமியன் ஆகிய மென்பொருள்களில் வேலை செய்கிறாள். சீனியர்கள் ‘கேமிங் லேப்டாப் வாங்கு’ என்கிறார்கள்; அவளோ பல வண்ண விளக்கு எரியும் கணினியைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போக மாட்டேன் என்கிறாள். ஒன்றரை லட்சம் ரூபாய் வரை செலவிட முடியும். எதைப் பார்த்து வாங்குவது?
– ஒரு தாய், மடிப்பாக்கம்

பதில்: சீனியர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, உங்கள் மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் இடம் கொடுக்கும் கணினிகள் இப்போது கிடைக்கின்றன. ஆனால் கணினியைப் பார்ப்பதற்கு முன்னால் மென்பொருளைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் கணினியிடம் எதிர்பார்ப்பது ஒரே பொருளை அல்ல.

ரெவிட்டில் சுவர், தூண், படிக்கட்டு என்று கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியை எழுப்பும்போது வேலையின் பெரும்பகுதி செயலியின் ஒரே கோரில்தான் (செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளில் ஒன்று) நடக்கிறது. ஸ்கெட்ச்அப்பும் அப்படியே. ஆகவே இவ்விரண்டுக்கும் செயலியில் எத்தனை கோர் இருக்கிறது என்பதைவிட, ஒரு கோர் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதே முக்கியம். அந்த மாதிரியை நிஜம் போன்ற படமாகவும் காணொளியாகவும் ஆக்கித் தரும் லூமியனோ கிராஃபிக்ஸ் கார்டையே நம்பியிருக்கிறது. என்ஸ்கேப், டி5 ரெண்டர், ட்வின்மோஷன் ஆகியவையும் அந்த இனத்தைச் சேர்ந்தவை. கொரோனா என்ற மென்பொருள் இதற்கு நேரெதிர். ரெண்டரிங்கை, அதாவது அப்படிப் படமாக்கும் வேலையை, செயலியிலேயே செய்து முடிக்கும், அப்போது எல்லாக் கோர்களும் ஒருசேர உழைக்கும். வி-ரே இரண்டு வழியிலும் இயங்கக்கூடியது. மகள் லூமியனில் பழகியவர் என்பதால், கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போவதே சரி. செயலி நடுத்தரமாக இருந்தால் போதும்.

கார்டில் முதலில் பார்க்க வேண்டியது அதன் நினைவகம். ஓர் உதாரணம் சொல்கிறேன். செட்டிநாட்டு வீடு ஒன்றை மாதிரியாகச் செய்து, முற்றத்துத் தரைக்கு ஆத்தங்குடி ஓட்டின் படத்தை ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம். 4096 × 4096 புள்ளிகள் கொண்ட ஒரு படம், சுருக்கப்படாத நிலையில் 64 எம்பி இடத்தை எடுக்கும். ஓட்டின் நிறத்துக்கு ஒரு படம், மேடுபள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று என்று மூன்று படங்கள் ஒட்டினால், ஒரே ஒரு தரைக்கு 192 எம்பி ஆகிறது. தேக்குத் தூண், சுண்ணாம்புச் சுவர், நாட்டு ஓடு என்று இருபது பொருள்களுக்கு இப்படிச் செய்தால் 4 ஜிபியை நெருங்கிவிடும். மென்பொருள்கள் இவற்றைச் சுருக்கித்தான் வைக்கும் என்றாலும், மரங்களும் செடிகளும் மனித உருவங்களும் இதற்கு மேல்தான் வந்து சேர்கின்றன. வாசலில் வேப்பமரம் நட்ட கையோடு ‘நினைவகம் போதவில்லை’ என்ற அறிவிப்பு வருவது இதனால்தான். எனவே 6 ஜிபி மட்டுமே உள்ள ஆர்டிஎக்ஸ் 4050 கார்டை விட்டுவிட்டு, 8 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது 5060-லிருந்து தேடத் தொடங்குங்கள். உங்கள் தொகைக்குள் அவை அடங்கும்.

ரேம் 32 ஜிபி இருப்பது நல்லது. 16 ஜிபியுடன் வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் கணினியில் ரேம் செருகும் இடம் இருக்கிறதா, அல்லது மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மெல்லிய, அழகான கணினிகளில் பெரும்பாலும் பற்றவைத்தே வருகிறது. அசூஸ் நிறுவனத்தின் செஃபைரஸ் ஜி14, புரோஆர்ட் பி16 ஆகிய இரண்டும் அத்தகையவை. அவற்றில் வாங்கும் நாளில் இருக்கும் அளவுதான் கடைசி வரைக்கும். பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு, இன்னும் மூன்றாண்டு பாக்கி இருக்கிறது என்பதை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். எஸ்எஸ்டி 1 டிபி இருக்கட்டும். இரண்டாவது எஸ்எஸ்டி பொருத்த இடமிருந்தால் இன்னும் நல்லது.

இனி தோற்றம். விளக்கு வைத்த கணினியைத் தொடமாட்டேன் என்பதை நான் பிள்ளைத்தனமாக நினைக்கவில்லை. நாள் முழுவதும் கோட்டையும் விகிதத்தையும் பழகும் கண்ணுக்கு அது உறுத்தத்தான் செய்யும். லெனோவாவின் லீஜியன், லோக் வரிசைகளில் பல மாதிரிகள் வெறும் சாம்பல் நிற மூடியோடு, பெயர் மட்டும் பொறித்து வருகின்றன. விசைப்பலகை விளக்கு பல வண்ணமாக இருந்தாலும் மென்பொருள் வழியே வெள்ளைக்கு மாற்றிவிடலாம், அணைத்தும் விடலாம். எடை பெரும்பாலும் இரண்டு கிலோவை ஒட்டியும் அதற்கு மேலும் வரும், சார்ஜர் தனி. செஃபைரஸ் ஜி14 ஒன்றரைக் கிலோதான். பார்க்க அழகானது, ஆனால் அதே கார்டுக்குக் கூடுதல் விலை தர வேண்டியிருக்கும். 14 அங்குலக் கணினியில் வலப்பக்க எண் விசைகள் இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். ஆட்டோகேடில் ஒவ்வொரு கோட்டுக்கும் அளவைத் தட்டி உள்ளிடும் கைக்கு அது பெரிய குறை. யூஎஸ்பியில் செருகும் எண் விசைப்பலகை ஒன்றைச் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். நடுவில் உருளை உள்ள மவுஸும் கட்டாயம் வேண்டும், மாதிரியைச் சுழற்றிப் பார்ப்பதே அந்த உருளையை அழுத்தித்தான்.

மென்பொருளுக்கென்று பணம் ஒதுக்கியிருந்தால் அதில் ஒரு பகுதியைக் கணினிக்கே திருப்பிவிடலாம். ஆட்டோடெஸ்க் நிறுவனம் ரெவிட், ஆட்டோகேட் ஆகியவற்றை மாணவர்களுக்கு ஓராண்டு உரிமமாக இலவசமாகத் தருகிறது. தகுதி இருக்கும் வரை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சென்ற ஆண்டு மிக மெல்லிய மடிக்கணினி ஒன்றை ஆர்டிஎக்ஸ் 4070 கார்டுடன் வாங்கினேன். நண்பனிடம் இருப்பது தடிமனான கணினி, அதில் 4060 கார்டு. ஒரே லூமியன் கோப்பை இரண்டிலும் ஓட்டினால் அவனுடையது முந்துகிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?
– இளம் கட்டடக் கலைஞர், வேளச்சேரி

பதில்: கார்டு உண்மையானதுதான். பெட்டியின் மேல் அச்சிடாத ஒரு எண்தான் உங்களை இப்படித் திகைக்க வைத்திருக்கிறது.

மடிக்கணினிக் கார்டுகளுக்கு, இந்த ஆர்டிஎக்ஸ் கார்டுகளின் நிறுவனமான என்விடியா ஒரே மின்திறனை நிர்ணயிப்பதில்லை. 4060, 4070 இரண்டையுமே 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ள, கணினி தயாரிக்கும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மெல்லிய உடலுக்குள் பெரிய விசிறியும் தடித்த செப்புக் குழாயும் அடங்காது என்பதால், அங்கே கார்டை 60 வாட் போன்ற குறைந்த அளவில் கட்டிவைக்கிறார்கள். தடித்த கணினியில் அதே கார்டு முழு மூச்சோடு ஓடுகிறது. பெயர்ப் பலகையில் 4070 என்றிருந்தும் உங்களுடையது 4060-க்குப் பின்தங்குவதன் காரணம் இதுவே. நினைவகத்திலும் உங்களுக்கு மேன்மை இல்லை. மடிக்கணினிக்கான 4060, 4070 இரண்டிலும் இருப்பது 8 ஜிபிதான். மேசைக் கணினியின் 4070-இல் 12 ஜிபி இருக்கும். பெயர் ஒன்றானாலும் அது வேறு பொருள்.

உங்கள் கணினியின் அளவைத் தெரிந்துகொள்ள, என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தில் அதிகபட்ச கிராஃபிக்ஸ் மின்திறன் என்ற வரியைப் பாருங்கள்.

இதன் மேல் நம் ஊர் வெயில் வேறு. மடிக்கணினி நிறுவனங்கள் பொதுவாக 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்குத்தான் தங்கள் கணினிகளைப் பொறுப்பேற்கின்றன. மே மாதத்துச் சென்னை 40 டிகிரியைத் தாண்டும்போது, மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் ஏசி இல்லாமல் ரெண்டரிங் போட்டால், விசிறி உள்ளே இழுப்பதே சூடான காற்று. வெப்பம் வரம்பைத் தொட்டதும் செயலியும் கார்டும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கின்றன. முதல் ஐந்து நிமிடம் பறக்கும் கணினி அரை மணி நேரத்தில் தளர்ந்துபோவது இதனால்தான்.

இந்தத் தளர்ச்சிக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வாக்த்ரூ (கட்டடத்துக்குள் நடந்து பார்ப்பது போன்ற காணொளி), நொடிக்கு 30 படம் என்றால் மொத்தம் 1,800 படங்கள். ஒரு படத்துக்கு 20 நொடி ஆனால் 36,000 நொடி, அதாவது 10 மணி நேரம். வெப்பத்தால் 20 நொடி 26 நொடியாகிவிட்டால் 13 மணி நேரம். இரவு ஒன்பது மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தவருக்கு முதல் கணக்கில் காலை ஏழு மணிக்கு வேலை முடிந்திருக்கும்; இரண்டாவது கணக்கில் பத்து மணி ஆகியிருக்கும், அதற்குள் மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரி கூடியிருக்கும் அல்லது வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்திருப்பார்.

வாங்கிய கணினியை மாற்ற முடியாது என்றாலும் சில வழிகள் உண்டு. கணினியின் பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி வையுங்கள். அடிப்பலகையில் இருக்கும் துளைகள் வழியேதான் அது மூச்சு வாங்குகிறது, மெத்தையின் மேல் வைத்தால் மூச்சு நின்றுவிடும். கணினியோடு வந்த பெரிய சார்ஜரையே செருகுங்கள். தொலைபேசிக்கும் கணினிக்கும் பொதுவான சிறிய டைப்-சி சார்ஜரில் ரெண்டரிங் வேகம் பாதிக்கு மேல் சரிந்துவிடலாம். கட்டுமான இடங்களுக்கு எடுத்துச் செல்பவராயின் சிமென்ட் தூசு விசிறியில் அடைந்திருக்கும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் சர்வீஸ் மையத்தில் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நீண்ட ரெண்டரிங்கை ஏசி அறையில், இரவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மின்வெட்டு வந்தால் பேட்டரி தாங்கிப் பிடிக்கும், ஆனால் கார்டின் வேகம் உடனே இறங்கிவிடும் என்பதை எதிர்பார்த்திருங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர்களை அவர்கள் வீட்டிலேயே சந்தித்து வடிவமைப்பைக் காட்டுகிறேன். மேசையில் எடுத்து வைத்தால் மதிப்பாகத் தெரிய வேண்டும் என்பதால் மேக்புக் ப்ரோ வாங்க நினைக்கிறேன். சரியா?
– உள் அலங்கார வடிவமைப்பாளர், திருவான்மியூர்

பதில்: நீங்கள் எந்த மென்பொருளில் வேலை செய்கிறீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை, விடை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஸ்கெட்ச்அப், ரைனோ, ஆர்க்கிகேட், வி-ரே, ட்வின்மோஷன், பிளெண்டர் ஆகியவை மேக்கிலும் இயங்குகின்றன. என்ஸ்கேப்புக்கும் மேக் பதிப்பு உண்டு. இவற்றுக்குள் உங்கள் உலகம் அடங்குமானால் தாராளமாக வாங்குங்கள். மின்இணைப்பு இல்லாமலேயே ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடுவது, வாடிக்கையாளர் வீட்டு வரவேற்பறையில் பிளக் தேடும் சங்கடத்தைத் தவிர்க்கும். செயலியும் கிராஃபிக்ஸும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதால் 36 ஜிபி, 48 ஜிபி மாதிரிகளில் பெரிய காட்சிகளும் அடங்கும். ரேமை மட்டும் வாங்கும்போதே போதிய அளவு எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு கூட்ட வழியில்லை.

ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ், லூமியன் இம்மூன்றில் ஒன்று உங்கள் வேலையில் இருந்தாலும் மேக் வேண்டாம். இவற்றுக்கு மேக் பதிப்பே கிடையாது. இன்டெல் செயலி இருந்த காலத்தில் மேக்கிலேயே விண்டோஸையும் நிறுவிக்கொண்டு சமாளித்தார்கள்; 2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் செயலிக்கு மாறிய பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. வேறு மென்பொருளின் துணையோடு விண்டோஸை உள்ளே ஓட்டி ரெவிட் திறப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதற்கு ஆட்டோடெஸ்க்கின் அதிகாரபூர்வ ஆதரவு இல்லை. திட்ட ஒப்படைப்பு நாளில் நம்பக்கூடிய ஏற்பாடு அல்ல அது. இதே எச்சரிக்கை ஸ்னாப்டிராகன் செயலியோடு வரும் விண்டோஸ் மடிக்கணினிகளுக்கும் பொருந்தும். எடை குறைவு, பேட்டரி நீடிப்பு, நேர்த்தியான உடல் எல்லாம் இருந்தும் கட்டட வடிவமைப்பு வேலைக்கு அவை ஏற்றவை அல்ல.

விண்டோஸ்தான் என்று முடிவானால் புரோஆர்ட் பி16-ஐ நேரில் பாருங்கள். பளபளப்பில்லாத கறுப்பு உடல், 16 அங்குல ஓஎல்இடி திரை, எடை 1.85 கிலோ. வாடிக்கையாளர் முன் வைக்க அதற்கு எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: திரையில் செங்கல் நிறமாக இருந்த சுவர், ஏ1 தாளில் அச்செடுத்தால் மங்கிய பழுப்பாக வருகிறது. கணினியின் கோளாறா, அச்சகத்தின் கோளாறா?
– நான்காம் ஆண்டு மாணவர், குரோம்பேட்டை

பதில்: இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். உங்கள் திரை ஓஎல்இடி என்றால், அது எஸ்ஆர்ஜிபி என்ற, திரைகளுக்கான வழக்கமான நிற வரம்பைத் தாண்டிய நிறங்களையும் காட்டும். சரியான நிற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் சாதாரணச் சிவப்பையும் தூக்கிக் காட்டும். அச்சு மையின் நிற வரம்போ குறுகியது. மாறாக, மலிவான கணினிகளில் ‘45 சதவீத என்டிஎஸ்சி’ என்று குறிப்பிடப்படும் திரை இருந்தால், அது எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட முழுமையாகக் காட்டாது. அதை நம்பி நீங்கள் நிறத்தைக் கூட்டிவிட்டால், அச்சில் அது வேறு விதமாகப் பல்லிளிக்கும். வாங்கும்போது ‘100 சதவீத எஸ்ஆர்ஜிபி’ என்ற குறிப்பைத் தேடுங்கள். கணினியின் நிற அமைப்பை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்து, சுவரின் ஒரு துண்டை மட்டும் ஏ4 தாளில் அச்செடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஏ1-க்குப் போங்கள். ஓஎல்இடி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சொல்: ரெவிட்டின் கருவிப்பட்டை மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால், நாளடைவில் அதன் தடம் திரையில் பதிந்துவிடக்கூடும். பணிப்பட்டை தானாக மறையும்படி வைப்பதும், கறுப்புப் பின்னணியைத் தேர்ந்தெடுப்பதும் உதவும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ரெண்டரிங் செய்பவர்கள் நால்வர். ஒவ்வொருவருக்கும் ஒர்க்ஸ்டேஷன் வகை மடிக்கணினி வாங்கலாமா?
– அலுவலக உரிமையாளர், நுங்கம்பாக்கம்

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. தொழில்முறை வேலைக்கென்றே விற்கப்படும் அவ்வகைக் கணினிகளில் வரும் ஆர்டிஎக்ஸ் 2000 ஏடா கார்டு, 4060-இன் அதே சில்லிலிருந்து வருவது, நினைவகமும் அதே 8 ஜிபி. கூடுதல் விலை மென்பொருள் நிறுவனங்களின் சான்றிதழுக்கும் நீண்ட உத்தரவாதத்துக்கும் போகிறது. அவற்றால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரெவிட்டும் என்ஸ்கேப்பும் ஓட்டுவதற்கு அவை அவசியமில்லை. நால்வருக்கும் எடை குறைந்த, 8 ஜிபி கார்டு உள்ள மடிக்கணினி கொடுத்துவிட்டு, ஏசி அறையில் 16 ஜிபி கார்டு உள்ள மேசைக் கணினி ஒன்றை யூபிஎஸ்ஸுடன் வைத்து, நீண்ட ரெண்டரிங்கை எல்லாம் அதற்கு அனுப்புங்கள். அதே பணத்தில் மேசைக் கணினி தரும் வேகத்தை எந்த மடிக்கணினியாலும் தர முடியாது. பில்லில் அலுவலகத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் குறிப்பிடச் சொன்னால், செலுத்தும் 18 சதவீத வரிக்கு உள்ளீட்டு வரிக் கழிவு பெறும் வாய்ப்பும் உண்டு. விவரத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரிச்சி தெருவில் வாங்கலாமா, நிறுவனத்தின் சொந்தக் கடைக்கே போக வேண்டுமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: ரேம், எஸ்எஸ்டி, மானிட்டர், எண் விசைப்பலகை ஆகியவற்றுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவைப் போல் வசதியான இடம் சென்னையில் இல்லை. மடிக்கணினியையும் அங்கே வாங்கலாம்; பெட்டி முத்திரை உடையாமல் இருக்க வேண்டும், ஜிஎஸ்டி பில்லில் வரிசை எண் இருக்க வேண்டும், அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ளிட்டு உத்தரவாதம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். ரேமைக் கடைக்காரரே கூட்டிக் கொடுத்தால் அதற்கான உத்தரவாதம் யாருடையது என்று எழுதி வாங்குங்கள். எந்தக் கடையானாலும், காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில், செயலியின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். அது இலவச மென்பொருள்தான். முதல் நிமிடத்தில் செயலியின் வேகம் எவ்வளவு, பத்தாவது நிமிடத்தில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். விசைப்பலகையின் நடுவில் விரலை வைத்துச் சூட்டையும் விசிறியின் இரைச்சலையும் கவனியுங்கள். கடைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், அங்கேயே வேகம் கணிசமாக இறங்கும் கணினி உங்கள் வீட்டு அறையில் அதைவிட அதிகமாகவே இறங்கும்.